மண்டியாக்காரரோடும் வேலைக்கு வரும் அக்காவோடும் பேச என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் சர்ஜாபூர் சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறீர்கள். அப்பா கும்பகோணம் பக்கத்தில் இன்னும் விவசாயம் பார்க்கிறார். எதிர் வீட்டுக்காரர் மண்டியாக்காரர், கட்சியும் வேறு. 2023 செப்டம்பரில் காவிரிக்காக முழு அடைப்பு நடந்த வாரத்தில் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இருவருக்கும் வார்த்தை தடித்தது. அன்றிலிருந்து லிஃப்டில் தலையசைப்போடு சரி. இன்னொரு பக்கம், உங்கள் வீட்டுக்கும் படிக்கட்டுகளுக்கும் துப்புரவு வேலைக்கு வருகிற அக்கா திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். இருவரும் தமிழில்தான் பேசிக்கொள்கிறீர்கள், ஆனாலும் பேச்சு ‘சாப்பிட்டீர்களா’ என்பதைத் தாண்டவில்லை. வர்க்கமும் அரசியலும் பிரித்து வைத்திருக்கிற இந்த இரண்டு பேரோடும் பொதுவான ஒரு தளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது உங்கள் கேள்வி.

ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது இரண்டாகத் தெரிகிறது. மண்டியாக்காரரும் நீங்களும் சமமானவர்கள், கருத்துதான் வேறு. அக்காவும் நீங்களும் பல விஷயங்களில் ஒரே கருத்துடையவர்களாகக்கூட இருக்கலாம், ஆனால் சமமானவர்கள் இல்லை. முதல் பிளவுக்குப் பேச்சு உதவும். இரண்டாவதற்கு வெறும் பேச்சு போதாது, சில சமயம் அது கெடுதலும் செய்யும். இனி சொல்லப்போவதெல்லாம் இதன் விரிவுதான்.

நான் வழக்கறிஞர். சமரசப் பயிற்சி பெற்று, இந்த ஊரில் நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தில் பல ஆண்டுகளாகச் சமரசராக உட்கார்ந்து வருகிறேன். பாகப்பிரிவினை, கணவன் மனைவி வழக்கு, சுற்றுச்சுவர்த் தகராறு, குடியிருப்புச் சங்கத்துக்கும் கட்டுநருக்கும் இடையிலான சண்டை என்று எல்லாம் வரும். அந்த அறைக்குள் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். ஆகவே கீழே நான் சொல்லும் உதாரணம் மையத்துக்கு வெளியே, தெரிந்தவர்கள் கூப்பிட்டதால் போய் உட்கார்ந்த ஓர் இடத்தில் பார்த்தது.

முதலில் மண்டியாக்காரர். சமரசத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, ஒருவர் அறிவிக்கிற நிலைப்பாட்டையும் அதற்குப் பின்னால் இருக்கிற தேவையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது. ‘ஒரு சொட்டுக்கூட விடமாட்டோம்’ என்பதும் ‘தீர்ப்பில் சொன்ன தண்ணீரை விட்டே ஆகவேண்டும்’ என்பதும் நிலைப்பாடுகள். நிலைப்பாடும் நிலைப்பாடும் மோதினால் யார் குரல் பெரிது என்பது மட்டுமே தெரியவரும். தேவை வேறு இடத்தில் இருக்கிறது. மண்டியா மாவட்டத்தில் விஸ்வேஸ்வரய்யா கால்வாயை நம்பிக் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம், கண்ணம்பாடி (கிருஷ்ணராஜ சாகர்) அணையில் நீர்மட்டம் எத்தனை அடி என்று பார்த்துவிட்டுத்தான் காலைக் காப்பி குடிக்கும். முழுக் கொள்ளளவில் அது 124.80 அடி. உங்கள் அப்பா மேட்டூரைப் பார்க்கிறார், அங்கே 120. ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்குமா, குறுவை உண்டா, இல்லை நேராகச் சம்பாதானா என்பது அவருடைய கவலை. இரண்டு பேருக்கும் பயம் ஒன்று, பார்க்கிற அணை மட்டும் வேறு.

இது நானாகக் கற்பனை செய்து சொல்கிற ஆறுதல் இல்லை. 2003-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முன்கை எடுத்து இரு மாநில விவசாயிகளை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார். காவிரிக் குடும்பம் என்று அதற்குப் பெயர். டெல்டா விவசாயிகள் கர்நாடகப் பாசனப் பகுதிக்குப் போனார்கள், கர்நாடக விவசாயிகள் டெல்டாவுக்கு வந்தார்கள். வறட்சி ஆண்டு அது. எதிர்த்தரப்பு தண்ணீரை ஒளித்து வைத்துக்கொண்டு செழிப்பாக இருக்கிறது என்று நம்பிப் போனவர்கள், அங்கேயும் காய்ந்த வயலைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் குழுவுக்குள் பேச்சின் தொனி மாறியது. ஆனால் எவ்வளவு தண்ணீர் யாருக்கு என்பதில் அவர்களால் உடன்பாட்டுக்கு வர முடியவில்லை. அதைத் தீர்மானித்தது 2007-ல் நடுவர் மன்றமும் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும்தான். மாநில எல்லையில் நீரை அளக்கிற பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்ற கணக்கு அப்படி வந்தது. ஆகவே அளவாக எதிர்பாருங்கள். இப்படிப்பட்ட சந்திப்பு வெறுப்பைக் குறைக்கும் என்பதை உறுதியாகச் சொல்வேன். பங்கீட்டைத் தீர்க்கும் என்று சொல்லமாட்டேன்.

பெங்களூர்க்காரர்களுக்கு அல்சூர் திருவள்ளுவர் சிலையின் கதை தெரிந்திருக்கும். 1991-ல் வைத்த சிலை, பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று, அப்போது இரு மாநில முதல்வர்களாக இருந்த கருணாநிதியும் எடியூரப்பாவும் சேர்ந்து நின்று திறந்தார்கள். நான்கு நாள் கழித்து, 13-ஆம் தேதி, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அதை அரசியல் நாடகம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. சமரசர் கண்ணுக்கு அது நேர்த்தியான வேலை. இரண்டு தலைவர்களுக்கும் தத்தம் ஆட்களிடம் போய்க் காட்ட ஏதோ ஒன்று கையில் இருந்தது. வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிற ஒருவர் எந்த உடன்பாட்டையும் ஒரு வாரத்துக்கு மேல் காப்பாற்றமாட்டார். சிலைகள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டனவா என்றால் இல்லை. 2016 செப்டம்பர் 12 அன்று இதே ஊரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் எரிந்தன, பல காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போட்டார்கள். ஆனால் அந்த நாளிலும் அல்சூரில் வள்ளுவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன? முதலாவது, வாட்ஸ்அப் குழுவில் அவரோடு பேசித் தீர்க்க முயலாதீர்கள். நூற்றைம்பது வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் உங்களிடம் பேசுவதில்லை, அவர்களிடம் பேசுகிறார். நீங்களும் அப்படித்தான். நாங்கள் சமரசத்தில் இரு தரப்பையும் தனித்தனி அறையில் வைத்துப் பேசுவதற்குக் காரணமே இதுதான். பார்வையாளர் இல்லாதபோது மனிதர்கள் பாதி உயரத்துக்கு இறங்கி வருவார்கள். இரண்டாவது, ‘ஏன் அப்படி நினைக்கிறீர்கள்’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் தயாராக ஒரு வாதம் இருக்கிறது. ‘உங்கள் நிலம் எந்த வாய்க்காலில் இருக்கிறது, 2023-ல் என்ன போட்டிருந்தீர்கள்’ என்று கேளுங்கள். அதற்கு வாதம் கிடையாது, விவரம்தான் உண்டு. உங்கள் அப்பாவின் வயலைப் பற்றிய விவரத்தையும் பதிலுக்குக் கொடுங்கள்.

இந்த முறைக்கு ஆய்வு ஆதாரம் கொஞ்சம் உண்டு. 2016-ல் டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இருவர் அமெரிக்காவின் மயாமியில் வீடு வீடாகப் போய்ச் சுமார் பத்து நிமிடம், தீர்ப்புச் சொல்லாமல், இரு தரப்பும் தங்கள் அனுபவத்தைச் சொல்லிக்கொள்ளும்படி பேசிய உரையாடல்களை ஆராய்ந்தார்கள். திருநர் மீதான வெறுப்பு குறைந்தது, மூன்று மாதம் கழித்தும் அந்த மாற்றம் நின்றது. அதே இருவர் 2018-ல் வேறொன்றையும் காட்டினார்கள். பொதுத்தேர்தலில் வாக்காளரைச் சந்தித்துப் பேசி வேட்பாளர் பக்கம் இழுக்கும் முயற்சிகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பலன் ஏறத்தாழ பூஜ்யம். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு கூட்டத்தாரைப் பற்றிய மனப்பான்மை இறங்கி வரும், கட்சி விசுவாசம் இறங்கி வராது. இரண்டுமே அமெரிக்காவில் செய்தவை, சாதியும் மொழியும் கட்சியோடு பின்னிக் கிடக்கிற நம் ஊருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது, அவ்வளவே. மண்டியாக்காரர் அடுத்த தேர்தலிலும் அவர் கட்சிக்குத்தான் வாக்களிப்பார். அதை மாற்றுவது உங்கள் நோக்கமாக இருந்தால் இந்தப் பதிலை இங்கேயே மூடிவிடலாம்.

இனி அக்கா. இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, கொஞ்சம் கோபமும் இருக்கிறது. பெங்களூருக்குப் புதிதாக வருகிற நம் ஆட்கள் பலர், தமிழ் பேசுவதாலேயே நாங்கள் எல்லோரும் ஒன்று என்று நம்புகிறார்கள். 1809-ல் தண்டு (ராணுவக் குடியிருப்பு) அமைந்த காலத்திலிருந்து இங்கே தமிழர்கள் இருக்கிறார்கள். அல்சூர், மர்பி டவுன், சிவாஜி நகர்த் தெருக்களில் தலைமுறைகளாக வாழ்கிறவர்களுக்கும் மென்பொருள் வேலைக்கு வந்தவர்களுக்கும் இடையே நடக்கிற பேச்சு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். ‘அக்கா’ என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டு, ஊரில் திருவிழாவுக்குப் போன மூன்று நாளைக்கு மாதக் கடைசியில் சம்பளம் பிடிக்கிற வீடுகள் எத்தனையோ எனக்குத் தெரியும். உறவுமுறை சொல்லி அழைப்பதால் கணக்கு கேட்க அவருக்குக் கூச்சம் வரும், உங்களுக்கு வசதி. பேச்சு கெடுதல் செய்யலாம் என்று முன்னே சொன்னது இதைத்தான்.

ஓசூர் சாலைப் பக்கம் ஒரு குடியிருப்பு. 2024 மார்ச், தண்ணீர்ப் பஞ்சம் உச்சத்தில் இருந்தது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்த நேரம். குடியிருப்புக்குப் பின்னால் தகரக் கூரை வீடுகள் கொண்ட ஒரு சந்து. விடியற்காலையில் தண்ணீர் லாரிகள் வந்து வழியை அடைத்துக்கொள்கின்றன என்று சந்துக்காரர்களுக்குக் கோபம். குழாய்களில் ஒழுகும் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கிறோம் என்று உள்ளே வந்து நிற்கிறார்கள் என்று குடியிருப்புக்காரர்களுக்குக் கோபம். வாகன நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். கோபக்காரர்கள் இரண்டு பக்கமும் பேசித் தீர்த்த பிறகு, லாரிக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அரசு நிர்ணயித்த விலை ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய். குடியிருப்புக்காரர்கள் அதைவிட அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது பரவாயில்லை, முழு அளவு வருகிறதா என்றால் செயலாளருக்குத் தெரியவில்லை.

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். தூண் ஓரமாகத் துடைப்பத்தோடு நின்றிருந்த துப்புரவுத் தொழிலாளி. நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. ஒரு மூங்கில் கழியில் கரியால் கோடு போட்டு வைத்திருந்தார். லாரி வருமுன் ஒருமுறை, போனபின் ஒருமுறை கழியை விட்டுப் பார்ப்பாராம். சில வண்டிகள் வந்தால் கழியில் நான்கு விரல் குறைவாக ஏறுகிறது, எந்தெந்த வண்டி என்று எண்ணோடு சொன்னார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்டார். “யாரும் கேட்கவில்லையே சார்” என்றார். சந்துக்காரர்களில் ஒரு பெரியவரும் அதே வண்டிகளைத்தான் சொன்னார். அவை வருகிற வழியில் கட்டட வேலை நடக்கிற ஓர் இடத்தில் கொஞ்சம் இறக்கிவிட்டு வருகின்றன.

அதற்குப் பிறகு கூட்டம் வேறு கூட்டமாகிவிட்டது. அளவெடுப்பது அந்தப் பெண்ணும் சந்திலிருந்து ஒருவரும் சேர்ந்து, நோட்டில் இருவர் கையெழுத்து. வண்டிகள் வரும் நேரம் ஏழு மணிக்கு மேல். சுற்றுச்சுவரின் வெளிப்புறம் சந்துக்காக ஒரு குழாய். வெளியே இருந்து பார்த்தால் இனிய முடிவு. ஆனால் அந்தப் பெண்ணின் சம்பளம் அப்படியே இருந்தது. அவர் குடியிருப்பின் ஆள் இல்லை, ஒப்பந்த முகமையின் ஆள் என்று சங்கம் சொன்னது. சங்கம் கொடுப்பதைத்தான் கொடுக்கிறோம் என்று முகமை சொன்னது. தண்ணீர்க் கணக்கில் அவரை நம்பினவர்கள், சம்பளக் கணக்கில் அவரை உட்காரவைக்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. ஒப்பந்தத்தைத் திருத்திய பிறகுதான் அது நகர்ந்தது. தண்ணீர் விஷயத்தில் ஒன்றாக நின்றதால் அந்தப் பேச்சு எளிதானதா என்றால், கொஞ்சம். அதற்கு மேல் அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

சமூக உளவியலில் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே நான்கு நிபந்தனைகளைச் சொன்னார். வேறுபட்ட கூட்டத்தார் சந்தித்தால் மட்டும் வெறுப்பு குறையாது. அந்தச் சூழலில் சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, மேலிடத்தின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும். நம் நாட்டு ஆதாரம் இதற்கு நன்றாகவே இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் மேட் லோ என்ற ஆய்வாளர் நடத்திய கிரிக்கெட் போட்டி ஆய்வு 2021-ல் வெளியானது. 1,261 இளைஞர்கள். பல சாதியினர் கலந்த அணியில் சேர்ந்து ஆடியவர்களுக்குச் சாதி தாண்டிய நட்பு கூடியது, எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களுக்கு அது குறைந்தது. தில்லியில் தனியார் பள்ளிகள் ஏழை மாணவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று 2007-ல் வந்த ஏற்பாட்டை கௌதம் ராவ் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார், 2019-ல் வெளியிட்டார். ஏழைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்த பணக்காரப் பிள்ளைகள் அதிகத் தாராளமாகவும் பாகுபாடு குறைவாகவும் நடந்துகொண்டார்கள். அந்தப் பெற்றோர்களின் மனம் மாறியதால் ஒரே பெஞ்சு கிடைக்கவில்லை. விதி வந்தது, பெஞ்சு கிடைத்தது, பிறகு பிள்ளைகளின் மனம் மாறியது. வர்க்கப் பிளவில் வரிசை இதுதான் என்பது என் முடிவு. மறுப்பவர்கள் இருக்கலாம்.

ஆகவே அக்காவிடம் மனம் விட்டுப் பேச முயல்வதற்கு முன் உங்கள் கையில் இருக்கிறதைச் செய்யுங்கள். கர்நாடகம் 2004-லேயே வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை அறிவித்த மாநிலம். இப்போதைய விகிதத்தைத் தொழிலாளர் துறையிடம் கேட்டு, நீங்கள் கொடுப்பது அதற்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டா? அவர் எந்த லிஃப்டில் ஏறலாம்? கழிப்பறைக்கு எங்கே போகிறார்? மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்? நீங்கள் தினமும் கேட்கிற ‘சாப்பிட்டீர்களா’வுக்கு இந்தக் கடைசிக் கேள்வியில்தான் உண்மையான பதில் இருக்கிறது. இவற்றை அவரிடம் அன்பாக விசாரித்தால் ‘எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்பார், வேலை போய்விடும் பயம் அவருக்கு. போய்ப் பாருங்கள், தெரியும்.

எல்லாவற்றிலும் பொதுத்தளம் தேடக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அடி, மிரட்டல், சாதி சொல்லித் திட்டுதல் போன்றவை குற்றங்கள். 2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டமே குற்ற வழக்குகளைச் சமரசத்துக்கு உட்படாதவை என்ற பட்டியலில்தான் வைத்திருக்கிறது. அதே சட்டத்தில், ஒரு பகுதியின் அமைதியைக் குலைக்கக்கூடிய குடியிருப்போர் தகராறுகளுக்கு மூவர் குழு வைத்துச் சமூகச் சமரசம் செய்யவும் வழி எழுதியிருக்கிறார்கள். ஏட்டில் எழுதியதற்கும் தெருவில் நடப்பதற்கும் தூரம் உண்டு, ஆனால் இப்போதே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகத் தடையில்லை.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். இந்த இரண்டு பிளவுகளும் சந்திக்கிற ஓர் இடம் உங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறது, அது சங்கத்தின் பொதுக்குழு. துப்புரவு ஒப்பந்தத்தில் கூலி, வார விடுப்பு, உட்கார ஓர் அறை ஆகியவற்றைச் சேர்க்க ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். அதை உங்களோடு சேர்ந்து முன்மொழியும்படி மண்டியாக்காரரைக் கேளுங்கள். ஒப்புக்கொள்வார் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் கூலியாட்களை வைத்து விவசாயம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவருக்கு இந்தக் கணக்கு புரியும், கட்சிக்கு இதில் வேலையில்லை. ஒப்பந்தம் எந்த மாதம் புதுப்பிக்கப்படுகிறது என்பதை முதலில் செயலாளரிடம் விசாரித்துவிடுங்கள். பல சங்கங்களில் அது மார்ச் அல்லது ஏப்ரல். அதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே தீர்மானத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய விகிதத்திலேயே இன்னும் ஓர் ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.